சிமிலி துடைக்க மறந்த சனம்

போன கார்த்திகையில் நியூ ஜேர்சியில், எடிசன் பக்கம் ஒரு குடிபூரலுக்குப் போயிருந்தேன். தெரிந்த பெடியன். பன்னிரண்டு வருசம் அடுக்குமாடியில் இருந்து மிச்சம் பிடித்து வாங்கின வீடு. ஐயர் வந்து கூடத்தின் நடுவில் அலுமினியத் தட்டில் செங்கல் அடுக்கி ஓமம் வளர்த்தார். புகை எழும்பினால் கத்துகிற வட்டக் கருவியைப் பொலித்தீன் பையால் மூடி, இறப்பர் பாண்ட் போட்டுக் கட்டியிருந்தார்கள். பால் பொங்கியது. எல்லாம் நல்லாய்த்தான் நடந்தது.

பின்னேரம் குளிர் இறங்கியது. அந்தக் கூடத்தில் ஒரு ஃபயர்பிளேஸ் இருக்கிறது. தமிழில் கணப்படுப்பு என்று எழுதுவார்கள், எங்கட சனம் ஒருவரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அதற்கு மேலே பளிங்குத் தட்டில் பிள்ளையார். பிள்ளையாருக்கு மேலே 65 அங்குல ரீவி. பெடியன் கடையில் வாங்கின விறகுக் கட்டொன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவனுடைய மச்சான் பரிசுப் பெட்டிகளின் மினுங்கல் தாள்களை எல்லாம் பந்தாய்ச் சுருட்டி உள்ளே திணித்தான்.

"தம்பி, புகைக்கூடு கடைசியா எப்ப துடைச்சது?" என்று கேட்டேன்.

சிரிப்பு. "அண்ணை, வீடு விக்கேக்க இன்ஸ்பெக்சன் எல்லாம் செய்தவை" என்றான். மூலையில் இருந்த பெரியவர் ஒருவர், "உவர் இன்னும் ஊர் அடுப்படியிலதான் நிக்கிறார்" என்றார். அதற்கும் சிரிப்பு.

கைத்தொலைபேசி வெளிச்சத்தை அடித்துக்கொண்டு தலையை உள்ளே விட்டுப் பார்த்தேன். மூடியைத் தள்ளினால் பாதிதான் திறக்கிறது. மேலே சுள்ளி, வைக்கோல், இறகு. ஏதோ ஒரு குருவி எங்கட பெடியனுக்கு முதலே அங்கே குடிபூரல் செய்திருக்கிறது. அதற்கும் மேலே சுவர் தார் பூசினது மாதிரி மினுங்கியது. "இதைக் கொளுத்தாதையுங்கோ" என்றேன். பெடியனின் மனைவியின் முகம் மாறிவிட்டது. நல்ல நாளில் அபசகுனமாய்க் கதைத்த ஆளாகிவிட்டேன். சாப்பாட்டு மேசையில் ஒருவரும் என்னோடு பெரிதாகக் கதைக்கவில்லை.

அங்கே சொல்லி முடிக்க விடாததை இங்கே சொல்கிறேன்.

முதலில் எனக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். இதுவரை எழுதாத ஒரு விசயம். 1998 இல் கனடா போக வெளிக்கிட்டு நியூயோர்க்கில் பிடிபட்டு, தடுப்பு முகாமில் இருந்து வெளியே வந்து, வேலை செய்யும் அனுமதி கிடைத்த முதல் மாரியில் நான் செய்த வேலை புகைக்கூடு துடைக்கிற வேலை. நியூவார்க்கில் ஒரு போத்துக்கேயக் கிழவரிடம் உதவியாள். இரண்டு மாரி அவரோடு நியூ ஜேர்சியின் கூரைகளில் ஏறி இறங்கினேன். அவர் கூரையில் நின்று கம்பித் தூரிகையை இறக்குவார். நான் கீழே ஃபயர்பிளேஸின் வாயைச் சீலையால் மூடி, கரி வெளியே பறக்காமல் இழுவைக் குழாய் பிடித்துக்கொண்டு நிற்பேன். எங்கட குசினி என்ற சொல் அவருடைய பாசையில் இருந்து வந்தது என்று தெரிந்த நாளில் அந்த மனிசனுக்கு வந்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அம்மாவுக்கு ரெலிபோனில் சொன்னது: "கொம்பனி ஒண்டில வேலை அம்மா." நகக்கண்ணில் ஏறின கரி போக எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் கோயிலுக்குப் போவேன். பிறகு பெற்றோல் ஸ்ரேசனில் வேலை கிடைத்ததும் அதைப் பெருமையாக எல்லோருக்கும் சொன்னேன். பெற்றோல் மணம் மரியாதை, கரி மணம் வெட்கம். அந்த வெட்கத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கிழவர் சொல்லித் தந்த பாடம் இவ்வளவுதான். விறகுப் புகையில் நீராவியும் எரியாத எண்ணெய்ப் பசையும் இருக்கும். புகை மேலே போகும்போது குளிர்ந்த சுவரில் படிந்து கரியாக ஒட்டும். கிரியோசோட் என்பார்கள். முதலில் அது பொடியாக இருக்கும், தூரிகைக்கு வரும். கவனிக்காமல் விட்டால் பொருக்காகும். அதற்கும் பிறகு கண்ணாடி மாதிரி உருகிப் பிடிக்கும், அதைத் தூரிகை ஒன்றும் செய்யாது. விறகு ஈரமாயிருந்தால் இது இன்னும் கெதியாய் நடக்கும். விறகில் ஈரம் 20 வீதத்துக்குக் குறைய இருக்க வேணும். பச்சையாய் வெட்டின மரத்தில் பாதி வரை தண்ணீர். இந்தப் படிவு எட்டில் ஒரு அங்குலம் வந்தாலே துடைக்க வேணும் என்பது இங்கே தொழில் தெரிந்தவர்களின் கணக்கு. எட்டில் ஒரு அங்குலம் என்றால் மூன்று மில்லிமீற்றர். நாங்கள் தோசைக்கல்லில் விடுகிறதைவிடக் குறைவு.

ஏனென்றால் கிரியோசோட் எரியும். கீழே மினுங்கல் தாள் பக்கென்று பற்றி, அதில் ஒரு துண்டு எரிந்துகொண்டே மேலே பறந்தால் போதும். புகைக்கூட்டுக்குள் தீப்பிடித்தால் ரயில் போகிற மாதிரி இரையும். வெப்பம் 2000 பாகை பரனைற்றைத் தொடலாம். உள்ளே இருக்கிற சுட்டமண் குழாய் வெடிக்கும். வெடித்த இடத்தால் சூடு வெளியே வந்து சுவருக்குள் இருக்கிற மரச் சட்டத்தைப் பிடிக்கும். இந்த நாட்டில் வீடு மரத்தால் கட்டினது. எங்கட ஊர்க் கல்வீடு இல்லை.

இனி எங்கட ஊருக்கு வருவம்.

மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பொழுதுபட முதல் லாம்புச் சிமிலி துடைக்கிறது பிள்ளைகளின் வேலை. சாம்பல் தொட்டு, பழைய பேப்பரை உள்ளே விட்டுத் திருகித் திருகித் துடைக்க வேணும். கரி இருந்தால் அம்மாவிடம் குட்டு விழும். கரி பிடித்த சிமிலியில் வெளிச்சமும் வராது, மண்ணெண்ணெயும் வீண். 1990 இல் பொருளாதாரத் தடை வந்து மண்ணெண்ணெய் பொன்னாகின பிறகு ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து எரித்தோமே, அந்தப் போத்தலையும் துடைத்தோம். மாரிக்கு முதலே பூவரசங்கட்டையும் பனைமட்டையும் காயவைத்துப் பத்திக்குள் அடுக்கிப் போட்டோம். ஈர விறகு புகைக்கும் என்று எங்களுக்கு ஒரு நிபுணர் வந்து சொல்லவில்லை, அம்மாவின் இருமல் சொன்னது. குசினிப் புகைக்கூட்டில் தும்புத்தடியைக் கட்டிவிட்டு வருசப்பிறப்புக்கு முதல் ஒட்டறை அடிக்காத வீடு எங்கட ஒழுங்கையில் இருக்கவில்லை.

1995 ஒக்ரோபர் 30. வலிகாமம் முழுக்க எழும்பி நடந்த இரவு. செல் விழுகிற சத்தம் கிட்டக் கேட்கிறது, ஐயா சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு நிற்கிறார். அம்மா திரும்பக் குசினிக்குள் போனார். "என்னணை செய்யிறாய்?" என்று ஐயா கத்த, "அடுப்புக்குத் தண்ணி தெளிச்சிட்டு வாறன்" என்றார். திரும்பி வருவோமா என்று தெரியாத வீடு. அடுத்த கிழமை யார் அதற்குள் இருப்பார்கள் என்று தெரியாத வீடு. அதையும் தணல் இருக்க விட்டுவிட்டுப் போக மனம் வராத ஒரு மனிசியின் பிள்ளைகள் நாங்கள்.

அந்தப் பிள்ளைகள்தான் இங்கே ஐந்து லட்சம், எட்டு லட்சம் டொலருக்கு வீடு வாங்கி, நெருப்பு எரிகிற இடத்தை அலங்காரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

நீங்கள் சொல்லப் போகிற சாட்டுகள் எனக்குத் தெரியும்.

"வருசத்தில ரெண்டு நாள்தான் கொளுத்துறம்." சரி. குருவி கூடு கட்ட நீங்கள் கொளுத்த வேணும் என்றில்லை. மழை இறங்கிச் செங்கல் வெடிக்கவும் கொளுத்தத் தேவையில்லை. இந்த நாட்டின் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் 211 ஆம் இலக்க நியமம், புகைக்கூட்டை வருசத்துக்கு ஒரு தடவையாவது பார்க்கச் சொல்கிறது. எத்தனை தரம் கொளுத்தினீர்கள் என்று அது கேட்கவில்லை.

"வீடு வாங்கேக்க பாத்தவை." வீடு பார்க்க வந்தவர் கீழே நின்று வெளிச்சம் அடித்துப் பார்த்திருப்பார். அதே நியமம், வீடு கைமாறும்போது கமரா விட்டு உட்குழாய் முழுக்கப் பார்க்கச் சொல்கிறது. அதற்கு வேறு ஆள், வேறு காசு. உங்களுக்கு வந்த அறிக்கையை எடுத்து வாசியுங்கோ. "புகைக்கூட்டின் உட்புறம் பார்க்கப்படவில்லை" என்று ஒரு வரி அநேகமாக இருக்கும்.

"எங்கட காஸ் அண்ணை, கரியே வராது." கரி குறைவு, உண்மை. ஆனால் காஸ் எரிந்தாலும் அது போக வழி வேணும். வழியில் கூடு இருந்தால் அது திரும்பி உங்கட கூடத்துக்குத்தான் வரும். விறகுப் புகை என்றால் கண் எரிந்தாவது தெரியவரும். காஸில் அதுவும் இல்லை. ஊரில் இரசாயனவியலில் காபனோரொட்சைட்டு என்று படித்தோமே, அதுதான். நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஒட்சிசன் இருக்க வேண்டிய இடத்தில் போய்க் குந்திக்கொள்ளும். தலையிடி, சத்தி, சோர்வு. காய்ச்சல் வரப்போகிறதாக்கும் என்று பனடோல் போட்டுவிட்டுப் படுப்பீர்கள். தீ விபத்துகளைச் சேர்க்காமலே, இந்த நாட்டில் வருசத்துக்கு 400 க்கு மேற்பட்டவர்கள் இப்படித் தற்செயலாகச் சாகிறார்கள் என்பது அரசாங்கத்தின் நோய்த்தடுப்பு மையத்தின் கணக்கு.

"இருநூறு முந்நூறு டொலர் கேக்கிறான்." இதைச் சொல்லுகிற ஆள் போன மாதம் மகளின் சாமத்தியவீட்டுக்குப் பல்லக்கு வாடகைக்கு எடுத்தவர். இதற்கு மேல் நான் என்ன சொல்ல.

காசு மிச்சம் பிடிக்கிற எங்கட புத்தியில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. படுக்கப் போகமுதல், வீட்டுச் சூடு மேலால் போகுது என்று டாம்பரை, அதுதான் புகைக்கூட்டுக் கழுத்தில் இருக்கிற இரும்பு மூடியை, தணல் இருக்கவே இழுத்து மூடுகிறது. புகைக்காத தணலில்தான் அந்த மணமில்லாத விசம் கூட வருகிறது. அடுத்தது எங்கட குசினி. ஒருபக்கம் ஃபயர்பிளேஸ் எரிய, மறுபக்கம் மீன் பொரிக்கிற மணம் போக இழுவைக் காற்றாடியை முழு வேகத்தில் விடுகிறது. அந்தக் காற்றாடி வெளியே தள்ளுகிற காற்றுக்குப் பதில் காற்று எங்கிருந்தோ வர வேணும். யன்னல் எல்லாம் இறுக்கிப் பூட்டின வீட்டில் அது புகைக்கூட்டால் இறங்கி வரும், புகையையும் கூட்டிக்கொண்டு.

ரெக்சஸ் கதைக்கு வருகிறேன். "ரெண்டு நாள்தான் கொளுத்துறம்" என்ற சாட்டுக்கு உண்மையான பதில் அங்கேதான் இருக்கிறது.

2021 மாசியில் அங்கே பனிப்புயல் வந்து மின்சாரம் விழுந்தது. 45 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளும் கடைகளும் இருட்டில். என்னுடைய ஒன்றுவிட்ட தம்பி ஹூஸ்ரனில் இருக்கிறான். ஒன்பது வருசமாக அவனுடைய ஃபயர்பிளேஸ் வெறும் குத்துவிளக்கு வைக்கிற இடம். "இந்த வெக்கையில உது என்னத்துக்கு" என்று என்னையே நக்கலடித்தவன். அன்றைக்கு இரவு வீட்டுக்குள் மூச்சுப் புகையாக வருகிறது, கைக்குழந்தை நீலம் பாரிக்கிறது. வேலிப் பலகையை உடைத்து வந்து உள்ளே வைத்துக் கொளுத்தினான். மூடி எங்கே இருக்கிறது என்றே அவனுக்குத் தெரியாது. பத்து நிமிசத்தில் வீடு முழுக்கப் புகை. பிள்ளைகளைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு அந்தக் குளிருக்குள் வெளியே ஓடினார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எல்லோருக்கும் அப்படி அமையவில்லை. அந்தப் புயலில் 246 பேர் இறந்ததாக ரெக்சஸ் சுகாதாரத் திணைக்களம் எண்ணியது. பெரும்பாலானவர்கள் குளிரில் விறைத்து. 19 பேர் காபனோரொட்சைட்டில், கராச்சுக்குள் காரை ஓடவிட்டும், ஜெனரேற்றரைக் கிட்ட வைத்தும், கரி அடுப்பை உள்ளே கொண்டுவந்தும். 10 பேர் தீயில்.

மின்சாரம் போகிற நாளில்தான் நாங்கள் அந்த அடுப்பிடம் போவோம். அன்றைக்கு அது காப்பாற்றுமா கொல்லுமா என்பது அதற்கு முந்தின ஐப்பசியிலேயே முடிவாகிவிடும். 2012 ஒக்ரோபரில் சாண்டி அடித்து நியூ ஜேர்சி இருண்டபோது என் வீட்டுக் கூடத்தில் மூன்று குடும்பம் ஆறு நாள் படுத்தது. அந்தப் புரட்டாதியில் புகைக்கூட்டைத் துடைத்திருந்தேன், விறகு காய்ந்திருந்தது, அவ்வளவுதான். இடம்பெயர்ந்து திரிந்த சனத்துக்கு ஆபத்து சொல்லிவிட்டு வராது என்பதைப் படிப்பிக்க வேணுமா?

கலிபோர்னியா ஆட்கள் சிரிக்க வேண்டாம். ஃபிறீமொன்டில் இருக்கிற சிநேகிதன் ஒருவன், "எங்கட வீட்டு நெருப்பைக் கொளுத்த அரசாங்கத்திட்டக் கேக்க வேணுமாம்" என்று குதிக்கிறான். பே ஏரியாவில் 2008 இல் வந்த விதி அது. காற்று கெட்டுப்போன நாள் என்று அறிவித்தால் விறகு எரிக்க ஏலாது, எரித்தால் வகுப்பு அல்லது அபராதம். 2016 நவம்பர் முதல் புது வீட்டில் விறகு அடுப்பே வைக்க ஏலாது. நான் அந்த விதியின் பக்கம். உன்னுடைய புகைக்கூட்டால் போகிற நுண்துகள் பக்கத்து வீட்டு ஆஸ்துமாப் பிள்ளையின் நெஞ்சுக்குள் போகிறது. புகை குடித்து இருமின அம்மாவின் பிள்ளை நீ. இன்னொன்று, உங்கட நிலம் ஆடுகிற நிலம். 2014 இல் நாப்பா நிலநடுக்கத்தில் செங்கல் புகைக்கூடுகள் சரிந்து விழுந்தன. விழாமல் நின்றவற்றுக்குள்ளும் வெடிப்பு இருக்கலாம். வெளியில் இருந்து பார்த்தால் தெரியாது.

இப்ப அந்த வெட்கம். இவ்வளவும் தெரிந்த சனம் ஏன் ஆளைக் கூப்பிடுகிறதில்லை? காசு என்று நான் நம்பவில்லை. கரி பிடித்த வேலை கீழான வேலை என்று சாதி சொல்லித் தந்தது. அடுப்படி பொம்பிளையின் வேலை என்று வீடு சொல்லித் தந்தது. இரண்டையும் பெட்டிக்குள் வைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினோம். ஒரு டொக்ரரைக் கூப்பிட்டால் நாலு பேருக்குச் சொல்லுவோம். புகைக்கூடு துடைக்கிறவனைக் கூப்பிட்டால் அது செலவு.

இந்தத் தொழிலின் கதை தெரியுமா? இங்கிலாந்தில் சின்னப் பெடியங்களைப் புகைக்கூட்டுக்குள் ஏற்றித்தான் துடைத்தார்கள். அவர்களுக்கு விதைப்பையில் புற்றுநோய் வருவது அந்தக் கரியால்தான் என்று பேர்சிவல் பொட் என்ற லண்டன் சத்திரசிகிச்சை வைத்தியர் 1775 இல் எழுதினார். ஒரு தொழிலால் புற்றுநோய் வருகிறது என்று வைத்தியம் முதன்முதல் கண்டுகொண்டது அதிலேதான். அதற்குப் பிறகும் நூறு வருசம் பிள்ளைகள் ஏறினார்கள். 1875 இல் ஜோர்ஜ் புரூஸ்டர் என்ற பெடியன் உள்ளே சிக்கிச் செத்த பிறகுதான் சட்டம் இறுகியது. அடுத்தவன் வீடு எரியாமல் இருக்க இப்படி ஒரு விலை கொடுத்த தொழில் அது. அதைச் செய்ததை நான் இருபத்தைந்து வருசம் மறைத்தேன். என்னைத்தான் முதலில் திட்டிக்கொள்கிறேன்.

செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. குளிர் தொடங்க முதல், புரட்டாதி ஐப்பசிக்குள், சான்றிதழ் உள்ள ஆளைக் கூப்பிடுங்கோ. 49 டொலர் என்று கூப்பன் அனுப்பி, வந்து நின்று ஐயாயிரத்துக்குத் திருத்தவேலை சொல்லுகிறவர்களும் இருக்கிறார்கள். கமராப் படத்தைக் காட்டச் சொல்லுங்கோ, இன்னொரு ஆளிடமும் கேளுங்கோ. மேல் வாயில் வலை போட்ட மூடி வையுங்கோ, குருவியும் மழையும் வராது. சாம்பலைக் கடதாசிப் பெட்டியிலோ குப்பைப் பையிலோ போடாதையுங்கோ, தணல் நாட்கணக்கில் உயிரோடு கிடக்கும். மூடியுள்ள தகர வாளியில், வீட்டில் இருந்து பத்தடி தள்ளி. படுக்கிற அறைகளுக்குப் பக்கத்தில் காபனோரொட்சைட்டுக் கருவி.

இவ்வளவும் செய்ய மனமில்லையா? அதுவும் சரி. உங்கட ஃபயர்பிளேஸை முறையாக அடைத்துவிட்டுப் பிள்ளையாரை உள்ளேயே வையுங்கோ. அவர் கோவிக்க மாட்டார். பாதி அலங்காரம் பாதி அடுப்பு என்று வைத்திருக்கிறதுதான் ஆபத்து.

குடிபூரல் வீட்டில் இருந்து நான் வெளிக்கிடும்போது நெருப்புக் கொளுத்தியிருக்கவில்லை. என் சொல்லுக்கு மரியாதை கொடுத்தார்களா, நான் போனபிறகு கொளுத்தலாம் என்று பொறுத்திருந்தார்களா தெரியாது. நியூ ஜேர்சியில் வீடு கைமாற, புகைக் கருவி வேலை செய்கிறது என்று சான்றிதழ் எடுக்க வேணும். அந்த வீட்டுக்கும் எடுத்திருப்பார்கள். கருவி மட்டும் இன்னும் பொலித்தீன் பைக்குள்ளேயே இருந்தது. சப்பாத்தைக் கழட்டிவிட்டு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு ஏறினேன்.

"என்ன அண்ணை செய்யிறியள்?" என்றான் பெடியன்.

"அடுப்புக்குத் தண்ணி தெளிக்கிறன்" என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. பையைக் கழட்டி அவன் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.